எம்பசியில் இருந்தவருக்கு அம்புலிமாமா எதுக்கு?

2 ஆகஸ்ட் 2024. ஒரு வாசகர் கேட்டது

"ஐயா, வெளியுறவுத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர் என்கிறார்கள். இப்போது மதுரையில் பழைய பேப்பர் கடை கடையாக ஏறி இறங்கி அம்புலிமாமா பொறுக்குகிறீர்களாம். சேகரிப்பதென்றால் சங்க இலக்கியத்தின் முதல் பதிப்புகளைச் சேகரிக்கலாமே? தமிழில் குழந்தைப் புத்தகம் என்பதே அழ. வள்ளியப்பாவோடு தொடங்கியது. அதற்கு முன்னால் ஆத்திசூடி, அதுவும் மனப்பாடம். இதில் ஆராய என்ன இருக்கிறது?"

2 ஆகஸ்ட், இரவு

ஐயா இல்லை, அம்மா. பதவியும் அப்படியொன்றும் பெரிதில்லை. தூதர் ஆகும் முன்பே ஓய்வு வந்துவிட்டது.

அம்புலிமாமா பொறுக்குவது உண்மைதான். ஆனால் அது என் அலமாரியில் கடைசித் தட்டு. 1947 ஜூலையில் வரத் தொடங்கிய இதழ், சேகரிப்பவர்களுக்கு அது நேற்றைய சரக்கு. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது, 23 பாட்டு. அதற்கு நூறு வருஷத்துக்கும் மேலே முந்தி அச்சான தமிழ்ப் புத்தகங்களைப் பற்றித்தான் நான் பேச வருகிறேன். அவற்றில் பாதி, குழந்தைகளுக்காக அச்சிடப்பட்டவையே இல்லை. எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

3 ஆகஸ்ட்

எங்கள் வேலையில் சேர்ந்ததும் ஆளுக்கொரு வெளிநாட்டு மொழியை ஒதுக்குவார்கள். படித்துத் தேர்வு எழுதினால்தான் வேலை நிலைக்கும். எனக்கு ருஷ்யன் வந்தது. மாஸ்கோவில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த கிழவி இலக்கணப் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் அரிச்சுவடியை மேசையில் போட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. எம்.ஏ. படித்துவிட்டு, ரெட்டை ரெட்டையாகப் பரீட்சை எழுதி வந்தவளுக்கு முயலும் நரியுமா?

ஆனால் அந்த முயலும் நரியும் வழியாகத்தான் அந்த ஊர் எனக்குத் திறந்தது. வீட்டுக்குள் என்னென்ன சாமான், அப்பாவிடம் எப்படிப் பேசுவது, எதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டும், எந்த மிருகம் திருடன், எது அப்பாவி. இதெல்லாம் பெரியவர்கள் புத்தகத்தில் இருக்காது, தெரியும் என்று விட்டுவிடுவார்கள். டால்ஸ்டாய் தன் கிராமத்துக் குடியானவப் பிள்ளைகளுக்காக 1872இல் ஓர் அரிச்சுவடி எழுதி, போதவில்லை என்று 1875இல் புதிதாக இன்னொன்று எழுதினார். பெரிய நாவல்களுக்கு நடுவில் இந்த வேலை! அதில் இந்தியக் கதைகளும் உண்டு. நம்ம ஊர்க் கதையை நம்ம ஊர்க்காரி ருஷ்ய அரிச்சுவடியில் எழுத்துக்கூட்டிப் படித்த நாளிலிருந்துதான் இந்தப் பைத்தியம்.

அதற்கப்புறம் போன ஊரிலெல்லாம் மற்றவர்கள் கம்பளமும் பீங்கானும் வாங்கினார்கள், நான் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கினேன். மாற்றலாகி வரும்போது பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, "குழந்தைகள் எத்தனை பேர் மேடம்?" என்றார். யாருமில்லை என்றதும் பெட்டியை அடிவரை கிளறினார்.

3 ஆகஸ்ட், மாலை

சரி, நேற்றுச் சொன்ன பழைய புத்தகங்களில் முதலில் பரமார்த்த குரு கதை. வாசகர் ஒருவர் "அது குழந்தைக் கதைதானே, அதில் என்ன புதுசு?" என்று எழுதியிருக்கிறார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள், ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் குத்திப் பார்ப்பது, குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்குவது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதியவர் வீரமாமுனிவர் (1680–1747), மதுரை மிஷனைச் சேர்ந்த இத்தாலியப் பாதிரியார்.

அவர் இதை எழுதியது தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பதற்கு இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கும் பாதிரிமார் பேச்சுத் தமிழ் பழகுவதற்கு. அச்சில் வந்தது 1822இல், லண்டனில், தமிழும் இங்கிலீஷுமாக. மொழிபெயர்த்தவர் பெஞ்சமின் பாபிங்டன், சென்னை சிவில் சர்வீஸ்காரர். அதாவது ஓர் அரசு அதிகாரி. புத்தகம் யாருக்கு? கம்பெனி உத்தியோகத்துக்கு வரும் துரைமாருக்கு.

மாஸ்கோவில் எனக்கு அந்தக் கிழவி செய்ததைத்தான் இவர்கள் துரைக்குச் செய்திருக்கிறார்கள். என்ன ஒன்று, அங்கே பிள்ளைகள் புத்தகம் அதிகாரி கைக்கு வந்தது. இங்கே அதிகாரி புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போனது.

4 ஆகஸ்ட்

பாபிங்டனோடு நிற்கவில்லை. சென்னையில் 1812இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் துரை முன்னின்று தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்தது, தமிழில் 'கல்விச் சங்கம்' என்பார்கள். சீமையிலிருந்து வரும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் கற்பிக்கிற இடம். அங்கே இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் எழுதினார், 1826. கதாமஞ்சரியும் அவருடையது. கலெக்டராகப் போகிற பையன்களுக்குப் பாடப்புத்தகம். பிறகு அதே பஞ்சதந்திரம் நம் பள்ளிக்கூடங்களில் பாடமாயிற்று, பெரிய எழுத்துப் புத்தகமாயிற்று, படக்கதையாயிற்று.

எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் செத்துப்போனார். அந்தப் பஞ்சதந்திரத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆக, முதல் வாசகருக்கு என் பதில். நாம் 'குழந்தைக் கதை' என்று சொல்லும் உரைநடைக் கதைகளில் முக்கியமான சில, தமிழ் தெரியாத பெரிய ஆண்களுக்காக அச்சேறியவை. எப்போது, யார் கையால், எந்தப் பதிப்பில் அது பிள்ளைகள் பக்கம் திரும்பியது? தலைப்புப் பக்கத்தில் 'கல்விச் சங்கத்து மாணாக்கர்க்கு' போய் 'பாடசாலைப் பிள்ளைகளுக்கு' வந்தது எந்த வருஷம்? அதைத்தான் தேடுகிறேன். சங்க இலக்கிய முதல் பதிப்பை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அழுக்கான, அட்டை இல்லாத, பத்தாம் பதிப்பும் பதினேழாம் பதிப்பும்தான் வேண்டும்.

4 ஆகஸ்ட், பிறகு

"அப்போ பாட்டி சொன்ன கதையெல்லாம் துரை கொடுத்ததா?" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். இல்லை தம்பி. கதை பாட்டியுடையது. முனிவரும் முதலியாரும் ஊரில் கிடந்ததைத்தான் எடுத்தார்கள். நான் பேசுவது அச்சடித்த காகிதத்தைப் பற்றி மட்டும். காப்பியை ஆற்றிக் குடியுங்கள்.

6 ஆகஸ்ட்

உலகத்தில் சிறுவர் புத்தகம் எங்கே தொடங்கியது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. கொமீனியஸ் என்கிற கல்வியாளர், நூரெம்பர்க், 1658. படத்தோடு லத்தீன் கற்பிக்கும் புத்தகம். லண்டனில் ஜான் நியூபெரி 1744இல் குட்டிப் புத்தகம் போட்டு, பையனுக்குப் பந்தும் பெண்ணுக்கு ஊசிமெத்தையும் சேர்த்து விற்றார். விளையாட்டுச் சாமானோடு புத்தகம் விற்கும் தந்திரம் அப்போதே வந்துவிட்டது.

இன்னொன்று நம்ம பக்கத்துக் கதை. எழும்பூர் அநாதைப் பள்ளியில் 1789 முதல் இருந்த ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து, அதை 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மதராஸ் முறை' என்று பரவியது. நம்ம ஊர் சட்டாம்பிள்ளை கடல் தாண்டிப் போனது இப்படித்தான்.

7 ஆகஸ்ட்

மதுரைக்கு வருகிறேன். மேலூர் நண்பர் "மதுரையில் அச்சான சிறுவர் புத்தகம் உண்டா, எல்லாம் சென்னைதானா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி அண்ணே.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834. பள்ளிக்கூடம் திறந்தால் புத்தகம் வேண்டும். பசுமலையில் அவர்களுக்கு லெனாக்ஸ் அச்சகம் இருந்தது. அங்கே அச்சான சிறு புத்தகங்கள், பாட்டுப் புத்தகங்கள், ஞாயிறு பள்ளிப் பாடங்கள் இன்னும் இந்தப் பக்கத்து வீடுகளில் கிடைக்கின்றன. பசுமலையில் 1881இல் தொடங்கிய கல்லூரிதான் பிறகு கோரிப்பாளையம் பக்கம் வந்து அமெரிக்கன் கல்லூரி ஆனது. அந்த வழியாகப் படித்த குடும்பங்களின் பரணில் தேடினால் ஏதாவது அகப்படும். எனக்கு அகப்பட்டது ஒரு வேதபாட வினாவிடை. உள்ளட்டையில் பென்சிலால் ஒரு பையன் தன் பெயர், வகுப்பு, ஊர், ஜில்லா, இந்தியா, ஆசியா, பூமி, ஆகாயம் என்று விலாசம் எழுதியிருக்கிறான். கடைசியில் 'தபால்தலை ஒட்டவும்'.

யாழ்ப்பாணத்தில் இதே மாதிரி மிஷன்களுக்குப் பதிலடியாகத்தான் ஆறுமுக நாவலர் பாலபாடம் போட்டார். சென்னை போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தது 1849. மிஷன்காரர் பள்ளியிலேயே படித்து, அங்கேயே வாத்தியார் வேலை பார்த்து, பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உட்கார்ந்து, தொழிலையெல்லாம் கற்றுக்கொண்டு வெளியே வந்து அதே மாதிரி சைவப் பாடப்புத்தகம்! மிஷன் பள்ளியின் 'வாசகம்' என்கிற பாடப்புத்தகத்தையும் பாலபாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் படிப்படியாக ஏறுகிற பாடவரிசை. சாமிதான் வேறு.

7 ஆகஸ்ட், இரவு

"வேதபாடம் எப்படி சிறுவர் இலக்கியம் ஆகும்? பாலபாடத்தில் சிறுவன் எங்கே இருக்கிறான்? எல்லாம் பெரியவர் அதட்டல்" என்று ஒரு தமிழாசிரியை. டீச்சர், அதட்டலும் வரலாறுதான். எந்த வருஷம் எதற்காகப் பிள்ளையை அதட்டினார்கள் என்பதைப் பாடப்புத்தகம் மாதிரி நேர்மையாக வேறெதுவும் சொல்லாது.

9 ஆகஸ்ட்

டீச்சர் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளை தானாக எடுத்துப் படித்தது எது, முதுகில் தட்டிப் படிக்க வைத்தது எது என்று பிரிக்க வேண்டும். ஆனால் அதைத் தலைப்பை வைத்துப் பிரிக்க முடியாது. தேய்மானத்தை வைத்துத்தான் முடியும்.

பாடப்புத்தகத்தில் முதல் இருபது பக்கம் கிழிந்திருக்கும், பின்பாதி மொடமொடவென்று இருக்கும். வருஷம் முடிந்துவிட்டது, அல்லது பையன் பள்ளியை விட்டுவிட்டான். பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தில் நடுவில் ஏதோ ஓர் இடம் மட்டும் எண்ணெய் படிந்து கறுத்திருக்கும். சண்டை வரும் இடம். நல்லதங்காளில் எது கறுத்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம், கிணறு. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கென்று யாரும் அச்சடிக்கவில்லை, ஆனால் வீட்டில் எழுத்துத் தெரிந்தது பிள்ளை ஒன்றுதான், அதுதான் எல்லோருக்கும் உரக்கப் படித்தது. அப்போது அது யார் புத்தகம்?

இதனால்தான் சுத்தமான பிரதி எனக்கு அவ்வளவு உற்சாகம் தருவதில்லை. ஐரோப்பிய ஏல அட்டவணைகளில் 'குழந்தைக் கிறுக்கல் உண்டு' என்று குறையாகப் போட்டு விலையைக் குறைப்பார்கள். எனக்குச் சௌகரியம்.

10 ஆகஸ்ட்

கேட்ட எல்லோருக்கும் சேர்த்து. பூச்சிக்கு நான் செய்வது:

ராமபாணப் பூச்சி வராமல் இருக்கக் காற்றோட்டம். அந்துருண்டையைப் புத்தகத்தோடு ஒட்டி வைக்க மாட்டேன். வசம்புத் துண்டைத் துணியில் கட்டி அலமாரி மூலையில் வைப்பேன், ஓலைச்சுவடிக்குப் பாட்டன்மார் வைத்ததுதான். புதிதாக வந்த புத்தகக் கட்டை மற்றவற்றோடு சேர்க்கும் முன் நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஆழ்உறை பெட்டியில் போட்டுவிடுவேன், ஐஸ்கிரீம் வைக்க இடம் இருக்காது. துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு நூலால் தைக்கலாம். செல்லோ டேப் மட்டும் வேண்டாம், ஐயா சாமி, வேண்டவே வேண்டாம். பத்து வருஷத்தில் பழுப்புப் பட்டையாகி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிடக் கொடுமை.

பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி கிட்ட வராது. பலமான பைண்டிங்தான். ஆனால் ஓரத்தைச் சீவிவிடுவார்கள், பையனின் விலாசத்தில் ஆகாயம் போய்விடும்.

12 ஆகஸ்ட்

சிவகாசி நண்பர்களுக்குக் கோபம். "காமிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்று. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பியது, லயன் 1984. எல்லாம் தெரியும். ஆனால் அதைச் சேகரிக்க என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். எந்த இதழில் எந்தப் பக்கம் தலைகீழாக அச்சானது என்பதுவரை சொல்வார்கள். சாணித்தாளில் வந்ததற்கு இப்போது அவர்கள் கொடுக்கும் விலை என் பென்ஷனுக்குக் கட்டாது. நான் அந்தக் கடைக்குள் நுழைவதில்லை.

பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், நாட்காட்டி அச்சடித்த அதே ஊரில்தான் அந்தக் காமிக்ஸ் அச்சானது. அந்த லேபிள்களைச் சேகரிக்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது. பிள்ளைகளின் முதல் படப்புத்தகம் தீப்பெட்டிதான் என்று ஒரு கட்டுரை எழுத ஆசை. யாராவது என்னை முந்திக்கொள்ளுங்கள்.

15 ஆகஸ்ட்

விடுமுறை. கொஞ்சம் ஊர்க்கதை.

புது மண்டபத்துக்குள் புத்தகக் கடைகள் இருந்தபோது போனவர்கள் கை தூக்குங்கள். திருமலை நாயக்கர் கட்டின மண்டபம், தூணுக்குத் தூண் யாளி, யாளிக்கு நடுவில் தையல் மிஷின், பாத்திரம், வளையல், அந்தப் பக்கம் கோனார் நோட்ஸ். எங்கம்மா தாவணி தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நான் நின்றபடியே படித்த புத்தகங்களுக்குக் கணக்கில்லை. கடைக்காரர், "பாப்பா, பக்கம் தேயுது" என்பார். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியாகிவிட்டது. மண்டபத்துக்கு அது நல்லதுதான், சிற்பத்தை ஒழுங்காகப் பார்க்க முடியும். எனக்கு என்னமோ யாளி வேலையில்லாமல் நிற்பது மாதிரி இருக்கிறது.

இப்போது என் வேட்டை முழுக்கப் பழைய பேப்பர் கடைகளில்தான். வீடு காலி செய்பவர்கள், பங்கு பிரிப்பவர்கள் எடைக்குப் போடுவது. கடைத் தம்பி போன் போட்டு, "யம்மா, ஒரு வீட்டுல மூட்டை வந்துருக்கு, அங்கிட்டுப் போறதுக்குள்ள இங்கிட்டு வாங்க, நாளைக்கு லாரி" என்பான். அவன் பிரித்து வைக்கும் நேர்த்தியை நான் எந்த நூலகத்திலும் பார்த்ததில்லை. நோட்டு ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம், 'அம்மா குப்பை' ஒரு பக்கம்.

16 ஆகஸ்ட்

நூலக முத்திரை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு. 'நீக்கப்பட்டது' முத்திரையும் சேர்ந்து இருந்தால் வாங்குவேன். இல்லாவிட்டால் வாங்கி, அந்த நூலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு கிளை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தபோது என்னிடமே தாமதக் கட்டணம் கேட்டார்கள். புத்தகம் வெளியே போன தேதி என் கல்யாணத்துக்கு முந்தியது.

19 ஆகஸ்ட்

சோவியத் புத்தகம் எதுவுமில்லையா என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். நம் தலைமுறைக்கு அதில் ஒரு மயக்கம்! வழவழத் தாள், கரடி, பனி, விலையோ ஒரு டீ வடைக்கு ஆகிற காசு. நியூ செஞ்சுரி புத்தக வேன் ஊருக்கு வந்தால் திருவிழாதான். நானும் வைத்திருக்கிறேன்.

அந்தப் புத்தகங்கள் தமிழானது மாஸ்கோவில். புரோகிரஸ், மிர், 1982க்குப் பிறகு ராதுகா என்கிற பதிப்பகங்களில். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணய்யா, நா. தர்மராஜன் போன்றவர்கள் பனிக்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்து எழுதினார்கள். தர்மராஜன் சிவகங்கையில் பேராசிரியராக இருந்தவர். மொழி, படம், தாள், கப்பல் கூலி எல்லாமே ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்தின் பிள்ளைகளுக்குச் செய்த செலவு. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் பிரச்சாரம். பார்த்துக்கொண்டு இருந்தவள் சொல்கிறேன், எந்தத் தூதரகமும் விருந்து வைத்துச் சாதிக்காததை அந்தக் கரடிக் கதைகள் சாதித்தன. 1991இல் அரசே இல்லாமல் போயிற்று. மதுரையில் ஐம்பது வயசு ஆள் ஒருவர் இன்னும் அந்தக் கரடிக்கு விசுவாசமாக இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன், இந்த இழையில்தான் இருக்கிறார்.

20 ஆகஸ்ட்

"பிரச்சாரம் என்று தெரிந்தும் ரசிக்கலாமா?" இதுதான் உண்மையான கேள்வி, ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

மியூனிக் நகரில் சர்வதேச இளைஞர் நூலகம் இருக்கிறது, 1983 முதல் புளூட்டன்பர்க் கோட்டைக்குள். தொடங்கியவர் ஜெல்லா லெப்மன், ஜெர்மன் யூதப் பெண், நாஜிகளுக்குத் தப்பி லண்டன் போனவர். 1945இல் அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராகத் திரும்பி வந்தார். குண்டு விழுந்து கிடக்கும் ஊரில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன செய்யலாம் என்று பார்க்கிற வேலை. காசு இல்லை. நேற்றுவரை எதிரியாக இருந்த நாடுகளுக்குக் கடிதம் எழுதினார், உங்கள் பிள்ளைகளின் புத்தகங்களை அனுப்புங்கள், எங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. பெல்ஜியம் மறுத்தது, இரண்டு தடவை ஜெர்மனி எங்கள் மேல் படையெடுத்தது என்று. மூன்றாவது தடவை வராமல் இருக்கத்தான் கேட்கிறேன் என்கிற தோரணையில் மறுபடி எழுதினார். அனுப்பினார்கள். 1946இல் கண்காட்சி, ஹிட்லர் தன் கலைக்காகக் கட்டின மண்டபத்திலேயே. 1949இல் நூலகம்.

ராணுவச் சம்பளத்தில் இருந்த ஒருவர் செய்த வேலைதான் அதுவும். பிரச்சாரமா? ஆமாம். ரசிக்கலாமா? நான் ரசிக்கிறேன். வேறு நாட்டுக் குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்த பிள்ளையை அந்த நாட்டின் மேல் ஏவிவிடுவது கொஞ்சமாவது கஷ்டம் என்று நினைத்தேன், ஒரு காலத்தில். கரடிக் கதை படித்த ஊரும் சண்டைக்குப் போனதைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

24 ஆகஸ்ட்

கோட்டையூர் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் புத்தகம் சேர்க்கிற யாரும் ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதுகிற கலைஞர். 1950 வாக்கில் தொடங்கிச் சுமார் ஒரு லட்சம் உருப்படி சேர்த்தார். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை. 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது.

அவருக்கு முன்னால் நானெல்லாம் கத்துக்குட்டி. எனக்குத் தூதரகச் சம்பளமும் டாலர் படியும் இருந்தன. அவர் பலகை எழுதின காசில் சேர்த்தார். அவருடைய சேகரத்தின் பலமே, எதையும் 'இது ஒசத்தி, இது மட்டம்' என்று தள்ளாதது. குழந்தைப் புத்தகம் தனியாகத் தேடிப் போகாமலே அவரிடம் வந்து சேர்ந்தது.

24 ஆகஸ்ட், இரவு

துப்பறியும் வேலைக்கு எவை துணை என்று கேட்ட ஆய்வு மாணவிக்கு. மர்டாக் 1865இல் தமிழ் அச்சு நூல்களுக்கு வகை வாரியாகப் பட்டியல் போட்டார். பார்னெட்டும் போப்பும் சேர்ந்து 1909இல் பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் நூல்களுக்குப் போட்டார்கள். 1867இல் அச்சகச் சட்டம் வந்த பிறகு, அச்சான ஒவ்வொரு புத்தகமும் அரசாங்கத்துக்கு ஒப்படைக்கப்பட வேண்டியிருந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வந்தது. அதில் பக்கம், விலை, எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்பதுவரை இருக்கும்! ராஜத்துரோகம் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கவும்தான் வெள்ளைக்காரன் அந்தச் சட்டம் போட்டான். அவனுடைய சந்தேகத்தால்தான் இன்றைக்கு நமக்கு ஒரு பாலபாடம் எத்தனை பிரதி போயிற்று என்று தெரிகிறது. தூதரகத்தில் கோப்பு தள்ளினவளுக்கு இந்த மாதிரிப் பட்டியல் படிப்பது நாவல் படிப்பது மாதிரி. உனக்குத் தலை வலிக்கும் கண்ணு, பழகிக்கொள்.

பெ. தூரனின் குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி, 1968 முதல் 1976 வரை. முழு வரிசை என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார், இரவல் கிடையாது.

1 செப்டம்பர்

"உங்களுக்கப்புறம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. என் தங்கை மகன் இதைவிடப் பச்சையாகக் கேட்பான்: "பெரியம்மா, இதையெல்லாம் நாங்க என்ன பண்ண?"

எட்கர் ஆஸ்போர்ன் என்கிற ஆங்கிலேய நூலகர் தன் சுமார் 2000 பழைய சிறுவர் நூல்களை 1949இல் கனடாவின் டொரான்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார், அங்கே பிள்ளைகள் பகுதி நடக்கிற விதம் பிடித்திருந்ததால். இங்கிலாந்தின் பீட்டர், அயோனா ஆப்பி தம்பதி சேர்த்த 20,000 புத்தகம் 1988இல் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்துக்குப் போனது. மதிப்பு பத்து லட்சம் பவுண்ட், கணவர் இறந்த பிறகு அயோனா பாதி விலைக்குக் கொடுத்தார். ஊர் கூடி நிதி திரட்டி வாங்கியது.

என்னுடையதற்கு விலை கேட்க மாட்டேன். ஆனால் நிபந்தனை கேட்பேன், அங்கேதான் சிக்கல். ஒரு நிறுவனத்தில் பேசினேன். "பெயர்ப் பலகை வைக்கிறோம் மேடம், திறப்பு விழா வைக்கிறோம்" என்றார்கள். பட்டியல் யார் போடுவார்கள் என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. பட்டியல் இல்லாத அலமாரி கரையானுக்கு வைத்த படையல். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகள் பகுதி கூட்டமாக இருப்பதைப் பார்த்தபோது ஆசை வந்தது. ஆனால் அது படிக்கிற பிள்ளைகளுக்கான இடம், என்னுடையவை தொட்டால் உதிரும். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கலாமா என்று இன்னும் மனசு அங்குமிங்கும் போகிறது. டொரான்டோவில் வைத்திருக்கிறார்கள், ஒரு தளத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், இன்னொரு தளத்தில் ஆஸ்போர்ன். அதனால் முடியாத காரியம் இல்லை.

3 செப்டம்பர்

இல்லை, ஏலத்தில் போட மாட்டேன். வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்றவருக்கும் அதே பதில். அதோடு, 75 வருஷம் தாண்டிய கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் நினைத்தபடி வெளியே அனுப்ப 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் விடாது. ஓலை அரிச்சுவடி வைத்திருப்பவர்கள் கவனம்.

8 செப்டம்பர்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: தாத்தா வாத்தியாராக இருந்தவர், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம், மேலே 'இரண்டாம் வாசகம்' ஒன்று, அட்டை இல்லை, வாங்கிக்கொள்வீர்களா என்று.

தம்பி, முதலில் எதையும் துடைக்காதீர்கள், வெயிலில் பரப்பாதீர்கள். தலைப்புப் பக்கம் இல்லாவிட்டாலும் கடைசிப் பக்கத்தில் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். தாத்தா ஓரத்தில் எழுதின குறிப்பு எதையும் அழிக்க வேண்டாம், எனக்கு அச்சைவிட அதுதான் வேண்டும். வாத்தியார் எந்தப் பாடத்தைத் தாண்டிப் போனார், எதைத் திரும்ப நடத்தினார் என்று டிக் போட்டிருப்பார். அப்பா, சித்தப்பா எல்லோரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், பிறகு பங்காளிச் சண்டையில் என்னை இழுக்கக் கூடாது. வருகிற ஞாயிறு காலையில் வருகிறேன். பெட்டியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் வீட்டில் டிரங்குப் பெட்டி வைக்க இடமில்லை.